டர்பனில் முதல் கண்காட்சி: நிலக்காட்சிப் படங்களை எப்படித் தயார் செய்வது?

தூரிகை_சாட்ஸ்வர்த்:
வணக்கம். பிப்ரவரியில் டர்பனில் ஒரு குழுக் கண்காட்சியில் இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் ட்ராக்கன்ஸ்பெர்க் மலைக் காட்சிகள்: வாட்டர்கலர் 8, ஆயில் 4. ஆயில் படங்கள் அக்டோபரில் முடித்தவை. ஃபிரேம், வார்னிஷ், விலை மூன்றிலும் தெளிவு வேண்டும். இதை விட்டுவிட்டு நேரே தனிக் கண்காட்சி வைக்கலாமா?

காகிதக்காரர்:
தம்பி, பிப்ரவரியில் டர்பன் புழுக்கம் வாட்டர்கலரை விடாது. காகிதம் ஈரத்தை இழுத்து விரியும். நாலு பக்கமும் ஒட்டியிருந்தால் விரிய இடமின்றிப் புடைத்துக்கொள்ளும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியக் காகிதத் துண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். செலோடேப் கூடவே கூடாது, பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும்.

மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் வரும் சட்ட அட்டை) அமிலமற்றதாக இருக்கட்டும். படம் கண்ணாடியைத் தொட்டால் அங்கே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மவுண்டின் கனம்தான் அந்த இடைவெளியைத் தருகிறது. ஃபிரேமின் பின்பக்கத்தை மூடும் ஹார்ட்போர்டு நேராகப் படத்தின் முதுகில் படாமல் நடுவே இன்னொரு அமிலமற்ற அட்டை வையுங்கள். ஃபிரேமின் கீழ் மூலைகளில் ஃபெல்ட் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.

ஆயிலுக்கு இறுதி வார்னிஷ் இப்போது வேண்டாம். பெயின்ட் மெல்லியதாகப் பூசியிருந்தாலே 6 மாதம், கட்டியாகப் பூசியதற்கு ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும். அடி உலராமல் மூடினால் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலையில் இருந்தால் ரீடச் வார்னிஷ் (இறுதி வார்னிஷ் வரை தாங்கும் தற்காலிக வார்னிஷ்) ஒரு மெல்லிய பூச்சு போதும்; மங்கிப்போன அடர்நிற இடங்கள் பளபளப்பில் மற்றவற்றோடு சேர்ந்துவிடும்.

மலைச்சாரல்:
தனிக் கண்காட்சிக்கு அவசரம் வேண்டாம். 12 படம் ஒரு கூடத்தை நிரப்பாது. தென்னாப்பிரிக்க நிலக்காட்சி என்றாலே நினைவுக்கு வரும் ஓவியர் பியர்நீஃபைப் பாருங்கள். 1886-ல் பிறந்தவர், பிரிட்டோரியாவில் நூலக வேலை பார்த்தபடியே வரைந்தவர். முதல் தனிக் கண்காட்சி 1913-ல். பெயரை நிலைநிறுத்திய ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலைய ஓவியங்களுக்கான பணி 1929-ல்தான் வந்தது. நிலக்காட்சிப் படம் 28, மரங்களை வரைந்த படம் 4, மொத்தம் 32-ஐ 1932-ல் முடித்தார். லினோகட்டும் (லினோலியம் பலகையில் செதுக்கி எடுக்கும் அச்சு) நிறையச் செய்தார். நீங்களும் சில சிறு அச்சுகள் வைத்தால் பெரிய படம் வாங்க முடியாதவர் வெறுங்கையோடு போகமாட்டார்.

விலையை அளவு வைத்துப் போடுங்கள்; பிடித்த படத்துக்குத் தனி விலை வைத்தால் வாங்குபவர் குழம்புவார். அகலம், உயரம் இரண்டையும் கூட்டி ஒரே விகிதத்தால் பெருக்குங்கள். 40 × 50 செ.மீ. என்றால் 90, விகிதம் 40 ரேண்ட் என்றால் 3,600. கேலரி எடுக்கும் கமிஷன் 40 சதவீதமானால் கையில் 2,160, அதிலும் ஃபிரேம் செலவு போகும். அதனால் ஃபிரேம் செலவை மேலே தனியாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கேலரியிலும் வீட்டிலும் விலை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

தூரிகை_சாட்ஸ்வர்த்:
மிக்க நன்றி அண்ணா. மாட்டுவதற்கு என்ன முறை? காரில் எடுத்துப்போவது?

காகிதக்காரர்:
டி-வளையங்களை (தொங்கவிடும் கம்பி கட்டும் D வடிவ வளையங்கள்) ஃபிரேமின் பின்னால், உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் திருகுங்கள். கம்பியை இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி ஃபிரேமின் மேல் விளிம்புக்குச் சுமார் 5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே வந்தால் ஆணி வெளியே தெரியும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.

காரில் ஆயில் படங்களை முகத்தோடு முகம் சேர்க்காதீர்கள். பபிள் ராப் நேராகப் பட்டால் வெயில் சூட்டில் குமிழித் தடம் பதியும். முதலில் சிலிக்கான் தாள், மூலைகளுக்கு அட்டை, அதன்மேல்தான் பபிள் ராப். மூடிய காரை வெயிலில் விட்டுப் போகாதீர்கள்.