சாமி காரியத்துக்கு விலை சொன்ன நாள்: மும்பையிலிருந்து சில அனுபவங்கள்

செம்பூர் திரிக்காரி:

எங்கள் ஆறு பேருக்கும் தொழில் தொடங்கும் எண்ணமே இருந்ததில்லை. சேடா நகர் முருகன் கோவிலுக்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி லலிதா சகஸ்ரநாமம் சொல்வோம். சொல்லி முடித்துச் சுண்டல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன் என்று பஞ்சுத் திரி உருட்ட ஆரம்பித்தோம். அதெல்லாம் கோவிலுக்குப் போகும். 2018 கார்த்திகைக்கு உருட்டியதில் நிறைய மிஞ்சிவிட்டது. மாட்டுங்காவில் ஒரு பூஜைச் சாமான் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு திரியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நூறு திரிக் கட்டு என்ன விலை?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில்: "நீங்களே பார்த்துக் கொடுங்கள்."

அவர் பார்த்தார், கட்டுக்கு 12 ரூபாய் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருடம் அதையே வாங்கிக்கொண்டிருந்தோம். நான் வணிகவியல் படித்தவள். திருமணத்துக்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மற்றவர்களின் கணக்கைப் பைசா பிசகாமல் பார்த்தவள். எங்கள் கணக்கை மட்டும் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு நாள் மாவு அரைக்க வரிசையில் நின்றபோது மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பழகிய கை மணிக்கு 200 திரி உருட்டும். இரண்டு கட்டு, 24 ரூபாய். பஞ்சும் உறையும் கட்டுக்கு 7 ரூபாய். மிச்சம், ஒரு மணி நேர உழைப்புக்கு 10 ரூபாய்.

விலையை ஏற்றிக் கேட்கப் போனபோது அம்பாசமுத்திரம் அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனேன். எங்களில் வாயே திறக்காதவர் அவர்தான். அவரிடம் பேசும் வேலை இல்லை என்பதால்தான் வந்தார். கடைக்காரர் சிரித்தார். "சாமி காரியம் அம்மா. புண்ணியம் சேரும். இதில் போய்க் கணக்குப் பார்க்கலாமா?" எனக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிவிடலாம் என்று பையைத் தூக்கினேன்.

அக்கா நகரவில்லை. "அண்ணாச்சி, வந்திக் கிழவிக்காகக் கரை அடைக்க வந்த சொக்கநாதரே கூலி பேசிக்கொண்டுதான் மண் கூடையைத் தொட்டார். உதிர்ந்த பிட்டானாலும் கூலி கூலிதானே? சாமியே சும்மா செய்யவில்லை, நாங்கள் எப்படிச் செய்வது? கட்டு 30 ரூபாய்" என்றார்.

கடைக்காரர் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே தெருவில் மூன்றாவது கடை 28 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. இப்போது மணிக்கு 42 ரூபாய் நிற்கிறது. இதுவும் பெரிய தொகை இல்லை. திரும்பும்போது மாட்டுங்கா ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தேன். மத்திய ரயில்வேயில் 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையம் அது. சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் "சில்லறை கொடுங்கள்" என்று கேட்ட குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். அன்றுதான் காதில் விழுந்தது.

பக்தியில் தொடங்கித் தொழிலுக்கு வந்த மற்ற பெண்கள் முதன்முதலில் விலை சொன்ன கதையைக் கேட்க ஆசை. எழுதுங்கள்.

தாராவி தையல்:

அக்கா, "பார்த்துக் கொடுங்கள்" என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் "ஊழியமாகச் செய்கிறேன்". பாடகர் குழுவுக்கு மூன்று கிறிஸ்துமஸ் இலவசமாகத் தைத்தேன். ஞானஸ்நான உடை, திடப்படுத்தல் உடை, எல்லாம் ஊழியம். துணி அவர்களுடையது, நூலும் மின்சாரமும் என் கண்ணும் என்னுடையது.

நான் பேசக் கற்றுக்கொண்டதே சபையில்தான். நாற்பது வீடுகள் இருக்கும் சந்தில் என் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்லை. ஆண்டவர் என் வாழ்வில் செய்ததைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல மைக்கைக் கையில் கொடுத்தபோது முதல் தடவை அழுதேன், இரண்டாம் தடவை உளறினேன், ஐந்தாவது தடவையில் போதகரம்மாவே "நேரமாகிறது" என்று கை காட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு பழகிய நாக்கு, கமிட்டி முன்னால் "ஓர் உடைக்குத் தையல் கூலி 250" என்று சொல்ல மட்டும் ஒட்டிக்கொண்டது. நாற்பது உடை, மொத்தம் 10,000. ஒரு பெரியவர், "ஆண்டவருக்குச் செய்வதற்கா கூலி?" என்றார்.

நான் பைபிளில் வரும் லீதியாளைச் சொன்னேன். தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பரம் விற்றவள், ஆண்டவரை வணங்கியவள், பவுலையே தன் வீட்டில் தங்கவைத்தவள். அந்த விலையுயர்ந்த துணியை அவள் சும்மா கொடுத்திருந்தால் விருந்தாளிக்குச் சோறு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. பெரியவர் இருமினார். 9,000 என்று முடிந்தது.

பேரம் என்றால் என்னவென்று உண்மையில் கற்றுக்கொடுத்தது மங்கள்தாஸ் மார்க்கெட்தான். என் உடைந்த இந்தியைக் கேட்டு மீட்டருக்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொல்வார்கள். இப்போது துணியைத் தொடாமல், கடையைக் கடந்து இரண்டடி நடந்துவிட்டுத்தான் விலை கேட்கிறேன். இன்று மூன்று மிஷின், என்னோடு இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் சபை அல்ல, பிள்ளையார் கோவில் தெரு. மிஷினுக்கு ஆயுத பூஜை வைப்பேன் என்றாள். அவள் மிஷினுக்கு மட்டும் பொட்டு உண்டு.

குர்லா வட்டலாப்பம்:

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் காயல்பட்டினம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் இனிப்பான வட்டலாப்பம் செய்து விற்கிறேன். எனக்கு விலையைவிடக் கடன்தான் முதல் முட்டு. 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வட்டி என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. என் மனம் அப்படி. பத்துப் பெண்கள் மாதம் 2,000 போட்டு, தள்ளுபடி ஏலம் எதுவும் இல்லாமல் குலுக்கிப் போட்டோம். எனக்கு நான்காவது மாதம் விழுந்தது. அந்த 20,000-இல் பெரிய இட்லிச் சட்டி, பழைய ஃபிரிட்ஜ், ஒரு டிஜிட்டல் தராசு.

எல்லோரும் தராசைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அளவிலும் எடையிலும் குறை வைப்பவர்களை மார்க்கம் எவ்வளவு கடுமையாகச் சொல்கிறது என்று சிறுவயதில் ஓதியது மனதில் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் ஐந்து கிலோ கேட்டார்கள். "நம் ஆட்கள்தானே லாத்தா, பார்த்துச் செய்யுங்கள்" என்றார் அந்த வீட்டு அம்மா. வாசலிலேயே தராசை வைத்து, பாத்திரத்தின் எடையைக் கழித்து, ஐந்து கிலோவும் இருபது கிராமும் காட்டிவிட்டு விலையைச் சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, பணத்தை எண்ணினார். எடையைக் கண்ணால் பார்த்தவருக்கு விலையைப் பேச வாய் வராது என்பது என் அனுபவம். (பத்துப் பேரில் இரண்டு பேர் பேசுவார்கள்.)

என் தம்பி, "பெண்பிள்ளை தராசு பிடிப்பதா?" என்று முறைத்தான். "கதீஜா நாயகி வாணிபம் செய்தவர், நபியவர்களே அவருக்காகச் சரக்கு கொண்டுபோனவர்கள்" என்று என் மாமியார் சொன்னதும் அடங்கினான். இப்போது டெலிவரிக்கு அவன்தான் பைக் எடுக்கிறான், பெட்ரோல் காசு வாங்கிக்கொண்டு.

சாப்பாட்டுத் தொழிலில் இறங்குபவர்களுக்கு ஒன்று: உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலிலேயே எடுத்துவிடுங்கள். 2021-இல் நான் எடுத்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கோ கட்டணமே கிடையாது. அது தெரியாமல் ஒரு தரகரிடம் 2,000 அழுதேன்.

முலுண்ட் பழைய ஊழியர்:

எல்லோரும் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன், மன்னியுங்கள்.

பெண்களுக்குத் தன்னம்பிக்கை தருகிறோம் என்று சொல்லிப் பூஜைப் பொருள் கட்டி விற்ற ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தேன். நடத்தியவரும் பெண்தான், நல்ல பக்தை. காலையில் சுலோகம், பிறகு வேலை. நவராத்திரி சமயம் பன்னிரண்டு மணி நேரம் குங்குமமும் மஞ்சளும் பொட்டலம் கட்டுவோம். மூக்குச் சிந்தினால் மஞ்சளாக வரும். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டால் "இது கைங்கரியம்" என்பார். கடைசி நாளில் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி, நூறு ரூபாய். அந்த ரவிக்கைத் துணியும் யாரோ அவருக்குக் கொலுவில் வைத்துக் கொடுத்தது. ஓரத்தில் பழைய சந்தனக் கறை இருந்தது. கூலி கேட்டவளின் முன்னாலேயே, அவளுக்குப் பக்தி குறைவு என்று மற்றவர்களிடம் சொல்வார். நான் போதாதவள் என்று நானே நம்பிய இடம் அது ஒன்றுதான்.

இதே ஊரில்தான் 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பள நிறுவனம் ஆயிற்று. தொழில், குடும்பம், பக்தி மூன்றும் சேர்ந்ததே தங்கள் கொள்கை என்கிறார்கள். பக்தி என்று சொல்லும் அதே இடத்தில் நன்கொடை வாங்குவதில்லை என்பதும், இட்ட எடைக்குக் கூலி என்பதும் இருக்கின்றன. சும்மா வாங்குவதும் இல்லை, சும்மா வேலை வாங்குவதும் இல்லை.

செம்பூர் அக்காவிடம் ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். கடைக்காரரிடம் 28 வாங்கினீர்கள். அது ஆறு பேருக்கும் எப்படிப் பிரிகிறது?

செம்பூர் திரிக்காரி:

கோபம் இல்லை, ஆனால் இரவு தூக்கம் போயிற்று.

உருட்டிய கட்டுக்கு ஏற்பப் பிரிக்கிறோம். கடைக்கு நடப்பவருக்குத் தனியாக எதுவும் இல்லை. அது என்னுடைய வேலை என்பதால் அதைப் பற்றி நான் எழுதவில்லை. பெருமையாக இருந்தது. ஒரு கணக்கு நோட்டு உண்டு, என்னிடம்தான் இருக்கிறது. மற்ற ஐவரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. பாராயணம் முடிந்ததும் நோட்டைத் தாம்பாளத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன். கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், பன்னிரண்டாவது முடித்தவள், எங்களோடு சேர விரும்புகிறாள். நோட்டைப் புரட்டிவிட்டு, "ஆன்ட்டி, எனக்கு மணிக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டாள்.

"முதலில் பழகிக்கொள் அம்மா, பிறகு பார்த்துச்..." என்று ஆரம்பித்தேன். அம்பாசமுத்திரம் அக்கா உருட்டிக்கொண்டிருந்த திரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நாற்பத்திரண்டு" என்றேன்.