பல் எக்ஸ்ரேக்கு ஈயக் கவசம் வேண்டாமாம்: ஏடிஏ முடிவு சரியா?

வேப்பங்குச்சி:
அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், அதான் ஏடிஏ, 2024 பிப்ரவரியில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. பல் எக்ஸ்ரே எடுக்கும்போது நெஞ்சில் போர்த்தும் ஈயக் கவசமும் கழுத்தில் கட்டும் தைராய்டு பட்டையும் இனி யாருக்கும் தேவையில்லையாம், குழந்தைகள், கர்ப்பிணிகள் உட்பட. இதே ஏடிஏதான் 2012-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவோடு சேர்ந்து எழுதிய வழிகாட்டியில், முடிந்தபோதெல்லாம் கழுத்துப்பட்டை போடுங்கள் என்றது. பன்னிரண்டு வருஷத்தில் கதிர்வீச்சு சாதுவாகிவிட்டதா? டாக்டருக்கு வேலை மிச்சம், ரிஸ்க் நம் தலையில்.

பல்டாக்டர்_திருச்சி:
சார், ஒரு ஓபிஜி படத்தில், அதாவது இரண்டு தாடையும் ஒரே படமாக வரும் எக்ஸ்ரேயில், கழுத்துப்பட்டை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறீர்களா? கீழ்த்தாடைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு ஏறி நிற்கும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது, மறுபடி எடுக்க வேண்டும். அப்போது டோஸ் இரண்டு மடங்கு. அதோடு, உடம்புக்குள்ளேயே சிதறிப் போகும் கதிரை வெளியே போர்த்திய ஈயம் எப்படித் தடுக்கும்? பிரிட்டனில் வயிற்றுக்கு ஈயம் தேவையில்லை என்று 2001 வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டார்கள். ஏடிஏ லேட்டாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நியூஜெர்சி_அம்மா:
டாக்டர், ஓபிஜிக்குச் சரி. என் பையனுக்கு எடுப்பது பைட்விங், அதாவது கடித்தபடி கடைவாய்ப் பற்களுக்கு எடுக்கும் சின்னப் படம், நாலு. அதில் பட்டை எதையும் மறைக்காது. பிறகு ஏன் அதையும் கழற்றச் சொல்கிறார்கள்? சின்னப் பிள்ளைகளின் தைராய்டு சீக்கிரம் பாதிக்கப்படும் என்று இவர்களே இத்தனை வருஷம் சொல்லிவிட்டு, இப்போது ஒரே நாளில் மறந்துவிடு என்றால் எப்படி?

பல்டாக்டர்_திருச்சி:
கேட்க வேண்டிய கேள்வி. நல்ல மெஷினில் நாலு பைட்விங்குக்கு உடம்பு வாங்கும் கதிரின் அளவு சுமார் 5 மைக்ரோசீவர்ட். அமெரிக்காவில் ஒருவர் சும்மா இருந்தாலே மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்து வருஷத்துக்கு 3,000 மைக்ரோசீவர்ட் போல வாங்குகிறார். ஒரு நாள் கணக்கைவிடக் குறைவான டோஸுக்கு ஒரு பட்டையைக் கட்டி அவிழ்க்கிறோம்.

எக்ஸ்ரே_தம்பி:
"நல்ல மெஷினில்" என்று சொன்னீர்களே டாக்டர், எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. ஏடிஏவின் சொந்த இதழிலேயே 2008-இல் ஒரு அளவீடு வந்தது. வாய் முழுக்க எடுக்கும் வரிசைக்கு, குறைந்த கதிரிலேயே படம் பதியும் எஃப்-ஸ்பீடு ஃபிலிமும், கதிரைச் செவ்வகமாகச் சுருக்கிவிடும் கோலிமேட்டரும் இருந்தால் 35 மைக்ரோசீவர்ட். அதே ஃபிலிம், ஆனால் மெஷினின் மூக்கு வட்டக் கோன் என்றால் 171. பழைய டி-ஸ்பீடு ஃபிலிமும் வட்டக் கோனும் என்றால் 388! கிட்டத்தட்ட பதினொரு மடங்கு. வட்டக் கோனில் வரும் கதிர் வாய்க்குள் வைக்கும் சென்சாரைத் தாண்டிக் கன்னம், தாடை என்று எங்கெங்கோ விழும். செவ்வகத்தில் சென்சார் அளவுக்கு மட்டும் விழும். ஏடிஏ கவசத்தைக் கைவிடச் சொன்ன அதே பரிந்துரையில் கதிரைச் சுருக்குங்கள், டிஜிட்டல் சென்சார் வையுங்கள், வாயைப் பரிசோதித்த பிறகுதான் படம் எடுங்கள் என்றெல்லாம் இருக்கிறது. எத்தனை கிளினிக்கில் செவ்வகக் கோலிமேட்டர் மாட்டியிருக்கிறார்கள்? நான் மெஷின் சர்வீஸுக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் வட்டம்தான். கேட்டால், "படம் ஓரத்தில் வெட்டிப்போகிறது தம்பி" என்பார்கள்.

வேப்பங்குச்சி:
அப்படிப் போடு! கவசத்தை எடுப்பது இன்றைக்கே நடக்கும், காசு செலவில்லை. கோலிமேட்டர் வாங்குவது எப்போதோ. சங்கம் என்பது டாக்டர்களின் சங்கம்தானே, நோயாளிகளின் சங்கமா?

பல்டாக்டர்_திருச்சி:
இது அநியாயம் சார். பரிந்துரை எழுதியவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். முகத்தாடைக் கதிரியக்க நிபுணர்களின் அமெரிக்க அமைப்பும் 2023-இலேயே இதையே சொன்னது. சில மாநிலங்களில் கவசம் இன்னும் சட்டப்படி கட்டாயம், அங்கே சட்டத்தைத்தான் பின்பற்ற வேண்டும், ஏடிஏ அதற்கு மேல் இல்லை. நம் ஊரிலும் எக்ஸ்ரேக்கு விதி போடுவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அமெரிக்கச் சங்கம் இல்லை. ஆணியில் மடித்துத் தொங்கவிட்டு, மடிப்பில் வெடித்து, உள்ளே ஈயம் விட்டுப்போன கவசத்தை நோயாளி மேல் போட்டு "பாதுகாப்பு" என்று சொல்வதைவிட, படத்தை ஒரே தடவையில் சரியாக எடுப்பது மேல்.

நியூஜெர்சி_அம்மா:
மடிப்பில் வெடித்த கவசம் உங்கள் குறைதானே டாக்டர், மாற்றி வாங்குங்கள். நான் கேட்டது வேறு. அடுத்த தடவை போகும்போது "வேண்டாம் மேடம், இப்போ தேவையில்லை" என்றால் நான் என்ன கேட்க வேண்டும்?

எக்ஸ்ரே_தம்பி:
அக்கா, மெஷினின் மூக்கைப் பாருங்கள். வட்டமாக இருந்தால், செவ்வக அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், வட்டக் கோனின் மேலேயே மாட்டலாம். போன தடவை எடுத்த படம் எங்கே, இப்போது எதற்குப் புதுசு என்றும் கேளுங்கள். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வழக்கமாக எடுப்பது ஏடிஏ சொன்னது இல்லை.

பல்டாக்டர்_திருச்சி:
தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. பட்டை வேண்டும் என்று கேட்டால் பைட்விங்குக்குக் கட்டிவிடுவேன், சண்டை எதற்கு. ஓபிஜிக்கு மட்டும் முடியாது.

வேப்பங்குச்சி:
அப்படியானால் ஏடிஏ "கோனை மாற்றுங்கள், பிறகு கவசத்தை விடுங்கள்" என்று அந்த வரிசையில் சொல்லியிருக்க வேண்டும். செய்தியில் வந்தது பின்பாதி மட்டும்தான். என் டாக்டரும் அதை மட்டும்தான் படித்திருக்கிறார்.