கோம்பை நாய்க்குட்டி, 10 வாரம்: ஜீப் சத்தத்துக்குப் பயம், சாயங்காலம் ஆனா கடி

கம்பம்மெட்டு_ரோடு:
வணக்கம். வீடு மெட்டு ரோட்டு ஓரம். கோம்பைக் குட்டி, கடுவன், 10 வாரம் ஆகுது. முதல் ஊசி போட்டாச்சு, அடுத்தது வர்ற வாரம். விடியக்காலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புக வரிசையா ஏறும். சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில பூந்து ஒண்ணுக்குப் போயிருது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கை, வேட்டி, பிள்ளைக பாவாடைன்னு எதையும் விடாமக் கடிக்குது. ஊசி எல்லாம் முடியுற வரை வெளியவே கொண்டுபோகாதீங்கன்னு ஒருத்தர் சொல்றார். ரோட்டோரம் கட்டிப் போடுங்க, தானாப் பழகிரும்னு இன்னொருத்தர். எதைக் கேக்குறது?

சின்னமனூர்_வேட்டைநாய்:
ரெண்டையும் கேக்காதீங்க தம்பி.

குட்டி புதுசா ஒண்ணைப் பாத்து ‘இது பரவாயில்லை’ன்னு மனசுல பதிச்சுக்கிற காலம் ஏறக்குறைய 3 வாரத்துல தொடங்கி 14 வாரம் வரைக்கும்தான். ஊசி முறை முடியவே 16 வாரம் ஆயிரும். அதுவரைக்கும் வீட்டுக்குள்ள அடைச்சு வச்சா, அந்தக் காலம் சும்மா போயிரும். கோம்பை பிறவியிலேயே காவல் நாய், அந்நியரை லேசில் நம்பாது. இப்ப ஆள் முகம் பாக்காம வளந்துச்சுன்னா, பின்னாடி சிலிண்டர்காரர் கேட்டைத் தொட முடியாது.

ஆனா பார்வோ (குட்டிகளைத் தாக்குற வாந்தி, பேதி நோய்) பயம் நிஜம். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா, சில இடத்துல வருசத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும். அதனால ஊசி முடியுற வரை தரையில விடாமத் தூக்கிட்டுப் போங்க. துண்டுல சுத்தி நெஞ்சோட அணைச்சு, ஒரு நாளைக்குப் பத்து, பதினைஞ்சு நிமிசம் போதும். குடை விரிக்கிறவங்க, ஹெல்மெட் போட்டவங்க, மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கை முக்காடாப் போட்டவங்க, கம்பு ஊனி நடக்குற பெரியவங்க, ஓடுற பிள்ளைக: எல்லாத்தையும் பாக்கட்டும். பாத்தாலே போதும், எல்லாரும் தொட்டுத் தடவணும்னு இல்லை. தெருநாய் படுக்குற இடம், குப்பைமேட்டுப் பக்கம் வேண்டாம். ஊசி போட்ட, குணமான பெரிய நாய் சொந்தக்காரங்க வீட்டுல இருந்தா அங்க கீழ விடலாம்.

ஜீப் விசயத்துல தூரம்தான் மருந்து. ஜீப்பைப் பாக்கும், ஆனா கொடுத்த தீனியையும் தின்னும், அந்த இடம் எதுன்னு பாருங்க. நூறடியா இருக்கலாம், இருநூறாவும் இருக்கலாம். முதல்ல நிறுத்தி வச்ச ஜீப், அப்புறம் நின்னுக்கிட்டே உறுமுறது, கடைசியாத்தான் ஓடுறது. சத்தம் வரட்டும், அதுக்குப் பின்னாடி தீனி. இந்த வரிசையை மாத்தவே கூடாது. தீனியை முன்னாடி நீட்டுனா, கொஞ்ச நாள்ல தீனியைப் பாத்ததுமே ‘சத்தம் வரப்போகுது’ன்னு மிரளும். உப்பு, வெங்காயம் போடாம வேகவச்ச கோழிக்கறி, பட்டாணி அளவு. காதைப் பின்னாடி மடக்குறது, வாலை இடுக்குறது, தூக்கம் வராமலே கொட்டாவி, உதட்டை நக்குறது, கடைசியாத் தீனியை மறுக்குறது: இதுல எது தெரிஞ்சாலும் நீங்க கிட்டக்க போயிட்டீங்கன்னு அர்த்தம். பின்னாடி வாங்க.

விடியக்காலைக்குத் தனி ஏற்பாடு. ஜீப் வர்றதுக்கு முன்னாடியே ஒண்ணுக்கு விட்டுருங்க. படுக்கையைப் பின்கட்டு அறைக்கு மாத்தி, மின்விசிறியை வேகமா ஓட விடுங்க. அதே சத்தத்தை போன்ல பதிவு பண்ணி, பகல்ல சாப்பாடு வைக்கும்போது காதுல விழுந்தும் விழாத அளவுல போடுங்க. தலை நிமிராமத் தின்னா மட்டும் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்க. கட்டிலுக்கு அடியில போயிட்டா இழுக்காதீங்க. பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்லலாம், செல்லம் கொடுத்தா பயம் கூடும்ங்கிறது வெறும் பேச்சு. ரோட்டோரம் கட்டிப் போட்டா சில குட்டி அசையாம நிக்கும். அது பழகினது இல்லை, உறைஞ்சு போனது. பின்னாடி டயரைத் துரத்துற நாயா மாறவும் அதுவே வழி.

குமுளி_அக்கா:
கடிக்கு நான் சொல்றேன். ஆறு மணிக் கடி முக்கால்வாசி தூக்கம் பத்தாத கடி. இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 18ல இருந்து 20 மணி நேரம் தூக்கம் வேணும். பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்கித் தூக்கி விளையாடுனா எங்க தூங்கும்? அஞ்சு மணிக்கே கூண்டுலயோ தடுப்பு போட்ட மூலையிலயோ விட்டு, மேல ஒரு துணியைப் போர்த்துங்க.

கடிச்சா கத்தாதீங்க, கையை வெடுக்குனு இழுக்காதீங்க. இழுத்தா அதுக்கு வேட்டை விளையாட்டு. அப்படியே நின்னு, விட்டதும் எழுந்து கதவுக்கு அந்தப் பக்கம் போயி இருபது வினாடி கழிச்சு வாங்க. வீட்டுல ஒருத்தர் இப்படி, ஒருத்தர் கையாலயே விளையாட்டுன்னா எடுபடாது. மென்னு கடிக்க, ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசர்ல வச்சுக் கொடுங்க. வேகவச்ச எலும்பு மட்டும் வேண்டாம், சில்லு சில்லா ஒடைஞ்சு குடலைக் கிழிக்கும். 4 மாசத்துல பால் பல் விழ ஆரம்பிக்கும், அப்ப கொஞ்ச நாள் கடி கூடும், பயப்படாதீங்க.

ஒண்ணை மறந்துராதீங்க: வெறிநாய்க்கடி ஊசி குட்டிக்கு 12 வாரத்துலதான். அதுவரை பல்லோ நகமோ பட்டு ரத்தம் கசிஞ்சா, குட்டிதானேன்னு விடாம, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

கம்பம்மெட்டு_ரோடு:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றிக்கா. இன்னொண்ணு. மாமனார் தோட்டத்துல பன்னீர் திராட்சை உதிர்ந்து கிடக்கும், குட்டி ஆசையாத் திங்கப் பாக்குது. பழக்குறதுக்குத் தீனியா அதையே கொடுக்கலாமா?

சின்னமனூர்_வேட்டைநாய்:
கூடவே கூடாது! திராட்சை, கிஸ்மிஸ் ரெண்டும் நாய்க்குக் கிட்னியைக் கெடுக்கும். எத்தனை தின்னா ஆபத்துன்னு அளவு சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணுக்குச் சிலதே போதும். தின்னது தெரிஞ்சா வாந்திக்குக் காத்திருக்காம உடனே டாக்டர்கிட்டப் போங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா அவரே வாந்தி எடுக்க வைக்கலாம். வீட்டுல உப்புத்தண்ணி ஊத்துற வேலை வேண்டாம், அதுவே குட்டியைச் சாய்ச்சிரும். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடிச்ச கொடி, அதைக் கலக்குன டிரம் பக்கமும் விடாதீங்க, மயில்துத்தம் விசம்.

இப்பவே ‘விடு’ பழக்குங்க. மூடுன கைக்குள்ள தீனியை வச்சு மூக்குப் பக்கம் நீட்டுங்க. நக்கும், பிராண்டும். பேசாம இருங்க. மூக்கை எடுத்த நொடி ‘சரி’ன்னு சொல்லி, மறு கையில இருந்து வேற தீனி. மூடுன கையில உள்ளதை ஒருநாளும் கொடுக்கக் கூடாது. கையைப் பாத்ததுமே முகத்தைத் திருப்புனா, அப்புறம்தான் ‘விடு’ங்கிற சொல்லைச் சேருங்க. அடுத்து தரையில வச்சு கால் பாதத்தால மூடிப் பழக்குங்க. தோட்டத்துல அது தேறுற வரைக்கும் கயிறு இல்லாம விடாதீங்க.