வீட்டு ஜெபக்குழுவை மனஸ்தாபம் இல்லாமல் பிரிக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையின் வீட்டுக் குழு ஒன்று 19 பேராகிவிட்டது. 12 பேரைத் தாண்டினாலே நாலைந்து பேர்தான் வாய் திறப்பார்கள். மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிரித்தே ஆக வேண்டும். ஆனால் பெயர்ப்பட்டியல் போட்டுப் பிரித்தால், ‘என்னை ஏன் அங்கே தள்ளினீர்கள்’ என்று கிளம்பும்.

இப்போதைய யோசனை இது. ஆறு வாரம் பாடலும் வேதவாசிப்பும் ஒன்றாகவே நடக்கும். பகிர்தலுக்கும் ஜெபத்துக்கும் மட்டும் ஹாலில் ஒரு வட்டம், உள்ளறையில் ஒரு வட்டம். உள்ளறை வட்டத்தைத் துணைத்தலைவர் நடத்துவார். ஏழாம் வாரம் அந்த வட்டம் அப்படியே வேறு வீட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை இரண்டும் கூடும். (அப்போஸ்தலர் 2:42இல் உபதேசத்துக்கு அடுத்தே அந்நியோந்நியம் வருகிறது. நாம்தான் அதைக் கைகுலுக்கலோடு முடித்துவிடுகிறோம்.)

தெரிய வேண்டியவை:

வராதவர்களை யார் விசாரிப்பது? தலைவர் ஒருவரே என்றால் மூன்று வாரம் ஓடிவிடும். பிறகு போன் போட்டால் அது விசாரணையாகத்தான் கேட்கும். இருவர் இருவராக இணைத்து, இரண்டு நாளுக்குள் ‘சுகமா?’ என்று மட்டும் கேட்கச் சொன்னால் நடக்குமா?

வட்டத்தில் ஒருவர் சொன்ன குடும்பக் கஷ்டம் ‘ஜெபக்குறிப்பு’ என்று வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. அதோடு அவர் மௌனமாகிவிடுவார். சொன்னவரே போட்டால் ஒழிய யாரும் போடக்கூடாது என்ற விதி எங்காவது நிலைத்திருக்கிறதா?

ஒரு வருடம் குழுவுக்குத் தொடர்ந்து வருவதாக ஒப்புக்கொடுக்கச் சொன்னால் தயங்குகிறார்கள். 12 வாரம் வைத்து, முடிவில் திரும்பக் கேட்பது நல்லதா?

நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கே சறுக்கியது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.