கம்ப்ரசர் போட்டதும் மானிட்டர் கத்துகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் பஜனைக் குழுவுக்கு நான்தான் சவுண்ட் பார்க்கிறேன். நவராத்திரிக்குள் இது சரியாக வேண்டும்.

குரலுக்கு மண்டப முழக்கம் சேர்க்கும் ரிவெர்பில் சிக்கல் இல்லை. ஃபேடருக்கு (சேனலின் ஒலியளவுக் கட்டுப்பாடு) பிந்திய ஆக்ஸில் (குரலின் ஒரு பிரதியைத் தனியே அனுப்பும் வழி) அனுப்பி, வெட் 100% (முழக்க ஒலி மட்டும்) வைத்து, தனிச் சேனலில் திரும்ப எடுக்கிறேன். ஒரே ரிவெர்ப் எல்லாக் குரலுக்கும் போதுகிறது.

பிரச்சினை, குரலின் உரத்த இடங்களை அமுக்கிச் சமன்படுத்தும் கம்ப்ரசர்தான். குரல் முழுவதும் அதன் வழியே போக வேண்டும் என்பதால் முதன்மைப் பாடகியின் சேனல் இன்செர்ட்டில் (ஒலியை வெளியே எடுத்து அதே சேனலில் திரும்ப விடும் துளை) இணைத்திருக்கிறேன். பிளக்கின் டிப்பில் (முனை) போய் ரிங்கில் (நடு வளையம்) திரும்பும் ஒய் கேபிள். வெளி ஸ்பீக்கரில் குரல் அருமை. ஆனால் எங்கள் மிக்சரில் இன்செர்ட்டுக்கு அப்புறம்தான் மானிட்டர் (பாடுபவர்கள் தங்கள் குரலைக் கேட்கும் ஸ்பீக்கர்) ஆக்ஸ் பிரிகிறது. மேக்கப் கெயின் (அமுக்கிய ஒலியை மொத்தமாக ஏற்றும் அளவு) அங்கேயும் ஏறிவிடுவதால், அந்த அக்கா மூச்சு வாங்கும் இடைவெளியில், கம்ப்ரசர் அமுக்குவதை விட்டதும் மானிட்டர் 'ஊய்' என்று கத்துகிறது. பாவம், சுருதியே கலைந்துவிடுகிறது.

கம்ப்ரசரைச் சப்குரூப் (சேனல்களைச் சேர்த்து வெளி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பகுதி) இன்செர்ட்டுக்கு மாற்றினால் மானிட்டர் தப்பிக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ரிவெர்புக்குப் போகும் குரல் அப்போது கம்ப்ரஸ் ஆகாதே, காதில் உறுத்துமா? இல்லை, மைக்கை ஸ்பிளிட் செய்து மானிட்டருக்கென்றே ஒரு சேனல் ஒதுக்குவது நல்லதா? பினாங்கில் கோயில் மண்டபங்களில் சவுண்ட் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.