நம் விசைப்பலகையின் ரிலீஸ் கோப்புகளை எங்கே வைப்பது?

அல்சூர்க்காரன்:
ஞாயிறு சந்திப்பில் பாதியில் விட்ட பேச்சு இது. நம் தமிழ் விசைப்பலகையின் நிரல், பயனர்கள் இறக்கி நிறுவும் ரிலீஸ் கோப்புகள், பிழைப் பதிவுகள் எல்லாமே, நிரல்களை வைத்துப் பலர் சேர்ந்து திருத்தும் தளமான கிட்ஹப் ஒன்றில்தான் இருக்கின்றன. மொத்தத்தையும் கோட்பெர்குக்கு மாற்றிவிடலாம் என்பது என் கட்சி. பெர்லினில் லாப நோக்கமில்லாத சங்கம் ஒன்று நடத்தும், கிட்ஹப் மாதிரியான தளம் அது. 2014 டிசம்பரில் அரசு உத்தரவால் 32 தளங்கள் முடங்கினவே, கிட்ஹப்பும், மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் தளமான சோர்ஸ்ஃபோர்ஜும் அந்தப் பட்டியலில் இருந்தன. மாரத்தஹள்ளி அறையில் மற்ற பக்கமெல்லாம் திறக்கிறது, நிரல் இருக்கும் ரெப்போ மட்டும் திறக்கவில்லை. அந்த இரவை நான் மறக்கவில்லை.

மடிவாளா தம்பி:
சில நாளில் தடை நீங்கியதையும் சொல்லுங்கள் அண்ணா. அப்படி ஓர் உத்தரவு கோட்பெர்குக்கும் வரலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு இருப்பது கிட்ஹப்பில். போன மாதம் ஃ விசையில் இருந்த கோளாறை ஒரு மாணவி இரவு 11 மணிக்குப் பார்த்து, அன்று தூங்கும் முன்பே திருத்தம் அனுப்பினார். புதுத் தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லியிருந்தால் அது வந்திருக்காது. அப்புறம், சொந்த சர்வர் வேண்டவே வேண்டாம். நாம் வைத்திருந்ததில் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி 9 நாள் யாராலும் டவுன்லோட் செய்ய முடியவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் போனதோ, வேலை மாறிப் போனவரின் பழைய ஆபீஸ் முகவரிக்கு.

இந்திராநகர் அக்கா:
நிரலுக்காக நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டியதில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் க்ளோன் செய்தாலே, அதாவது நகல் எடுத்தாலே, முழு வரலாறும் வந்துவிடுகிறது. நம் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் அது இருக்கிறது. எனக்குக் கவலை, க்ளோனில் வராதவை பற்றி. ‘ண அடித்தால் ன வருகிறது’ என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினாரே, அதன் கீழே மூன்று மாதம் நாம் பேசியது எதுவும் நிரலில் இல்லை. இதே வேலைக்கு இருந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கிட்ஹப் மட்டும் எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்?

அல்சூர்க்காரன்:
அதைத்தான் அக்கா நானும் சொல்கிறேன். 2015ல் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு சோர்ஸ்ஃபோர்ஜ் விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்தது. கொடுக்கிற இடம் நம் கையில் இல்லாவிட்டால் இதுதான் கதி.

மடிவாளா தம்பி:
இடம் கையில் இருந்தால் மட்டும் போதாது. 2024ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தில், திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பின்கதவைத் திறந்துவிடும் பில்டு கோப்பு ரிலீஸ் பொட்டலத்தில் இருந்தது, கிட்டில் இல்லை. பொட்டலம் கட்டியது திட்டத்தின் பராமரிப்பாளரே. யார் கட்டினாலும் நிரலிலிருந்து அதே கோப்பு வருகிறதா என்று இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.

இந்திராநகர் அக்கா:
சரி, சரிபார்க்கிற வேலை எனக்கு. நிரல் கிட்ஹப்பிலேயே இருக்கட்டும், கோட்பெர்கில் ஒரு நகல். டவுன்லோட் சுட்டி மட்டும் நம் சொந்த டொமைனில் இருக்கட்டும். பின்னால் எங்கே மாற்றினாலும் பயனருக்கு ஒரே முகவரிதான். பிழைப் பதிவுகளை மாதாமாதம் இறக்கி வைக்க ஒருவர் வேண்டும்.

அல்சூர்க்காரன்:
முழுதும் மாற்றுவதுதான் சரி என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் பிழைப் பதிவுகளை நான் எடுத்துக்கொள்கிறேன், இந்தச் சனிக்கிழமையே.

மடிவாளா தம்பி:
டொமைன் யார் பெயரில்? எச்சரிக்கை மின்னஞ்சல் இந்த முறை மூன்று பேருக்காவது போக வேண்டும் அண்ணா.