மார்லோ குடிச்ச கிம்லெட்: வீட்டுல கலக்குனா ஏனுங்க கசக்குது?

ஈரோட்டு வாசகன்:
ரேமண்ட் சாண்ட்லரோட 'தி லாங் குட்பை' நாவல்ல துப்பறிவாளர் பிலிப் மார்லோவும் சிநேகிதர் டெரி லெனாக்ஸும் குடிக்கிற கிம்லெட் காக்டெயிலை அப்படியே கொண்டாரோணுமுங்க. ஜின் 60 மில்லி, காலைல புழிஞ்சு வெச்ச எலுமிச்சைச் சாறு 30 மில்லி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை 2 ஸ்பூன். கலங்கலாப் பழுப்பாயிருது, கசப்பு நாக்குலயே நிக்குது. எங்க தப்புங்க?

நொய்யல்கரை:
அளவுல தப்பில்லீங்க, பண்டமே வேற. சாறும் சர்க்கரையும் பிட்டர்ஸும் (கசப்பு மூலிகை ஊறுன சாராயச் சொட்டு) கலந்துட்டு கிம்லெட்டுங்கிறாங்களேன்னு லெனாக்ஸே அந்த நாவல்ல குறைபட்டுக்குவார். அவர் கேக்குறது பாதி ஜின், பாதி ரோஸஸ் லைம் ஜூஸ். அது பச்சைச் சாறு இல்லீங்க, சர்க்கரை போட்டுப் பதப்படுத்துன கார்டியல். ஸ்காட்லாந்துக்காரர் லாக்லன் ரோஸ் 1867ல காப்புரிமை வாங்குன முறை.

வீட்டுல செய்ய 12 நாட்டு எலுமிச்சை எடுத்துக்கோங்க. பச்சைத் தோலை மட்டும் மெலிசாச் சீவோணும். நம்மூர்ப் பழத்துக்குத் தோல் மெலிசு, கத்தி கொஞ்சம் ஆழமாப் போனாலும் வெள்ளைச் சதை வந்துரும், கசப்புல பாதி அதுதான். சீவுனதை 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையில பிசறி 4 மணி நேரம் மூடி வெச்சா, தோலோட எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈரமாயிரும். அப்பப் புழிஞ்ச சாறு 150 மில்லி ஊத்தி, கரையறவரைக்கும் கலக்கி வடிகட்டுங்க. அடுப்புல வெக்காதீங்க, வெந்த வாசம் வந்துரும். பழத்தை ஒட்டப் புழியவும் வேண்டாம். ஃபிரிட்ஜுல ஒரு வாரம் தாங்கும்.

நாட்டுச்சர்க்கரை பணியாரத்துக்கு அருமைங்க. இங்க அதோட பாகு வாசம் ஜின்னோட வாசத்தை முழுங்கிரும்.

பொள்ளாச்சி சந்தை:
பாதிக்குப் பாதின்னா இன்னைக்கு நாக்குக்குத் திகட்டும். ஜின் 60, கார்டியல் 20ல ஆரம்பிங்க. ஐஸையும் பாக்கோணும். ட்ரேயில எடுக்குற சின்னக் கட்டி சட்டுனு கரைஞ்சு தண்ணியாக்கிரும். டிபன் பாக்ஸுல தண்ணி உறைய வெச்சுப் பெருசா உடைச்சுப் போடுங்க. 12 விநாடி குலுக்குனாப் போதும். தூக்குப்போசியில குலுக்காதீங்க, மூடி வழியா ஒழுகும். திருகு மூடி போட்ட பாட்டில்தான் சரி.

ஈரோட்டு வாசகன்:
புரிஞ்சுதுங்க. ஜேம்ஸ் பாண்ட் குடிக்கிற வெஸ்பர் காக்டெயிலையும் இதே மாதிரி கொண்டாந்துரலாங்களா?

நொய்யல்கரை:
அது கஷ்டமுங்க. அதுவும் 1953ல வந்த நாவல்தான், 'கசினோ ராயல்'. கார்டன்ஸ் ஜின் 3 பங்கு, வோட்கா 1, கினா லில்லே (கசப்பேத்துன பிரெஞ்சு ஒயின்) அரை, நல்லாக் குளிரக் குலுக்கி மெலிசா ஒரு பெரிய எலுமிச்சைத் தோல். அந்தக் கினா லில்லே இப்ப வர்றதில்லை. அதுக்குப் பதிலா இப்பக் கிடைக்கிற லில்லே பிளாங்க்ல சின்கோனா மரப்பட்டைக் கசப்பு கம்மி, ஊத்துனா வெஸ்பர் சப்புன்னு நிக்கும். எழுத்தாளர் ஹெமிங்வே ஹவானாவுல எல் ஃப்ளோரிடிட்டா பார்ல குடிச்ச டைக்கிரிங்கிற ரம் காக்டெயில் சுலபமுங்க. ரம் இரட்டிப்பு, சர்க்கரை கிடையாது, எலுமிச்சையோட கிரேப்ஃப்ரூட் சாறு, மராஸ்கினோ (செர்ரி மதுபானம்) சில சொட்டு. அதுக்குக் கார்டியலை ஊத்திராதீங்க, பச்சைச் சாறுதான். கலக்குற நேரத்துல புழியுங்க.